ராஜினாமாவுக்கு முன்னால் ஓர் இன்வாய்ஸ்

கேள்வி: விளம்பர நிறுவனம் ஒன்றில் ஒன்பது வருடமாக கிராஃபிக் டிசைனராக இருக்கிறேன். பார்வையற்ற குழந்தைகள் விரலால் தொட்டுப் பார்த்துப் படிக்கும் படப் புத்தகங்கள் செய்வதற்காக ஒரு சிறிய ஸ்டூடியோ தொடங்க ஆசை. மாதிரிக்கு இரண்டு புத்தகங்கள் செய்து ஒரு சிறப்புப் பள்ளியில் காட்டினேன். எல்லாருக்கும் மிகவும் பிடித்துவிட்டது. ஏழு மாத வீட்டுச் செலவுக்குச் சேமிப்பு இருக்கிறது. மனைவியும் சம்மதித்துவிட்டார். இப்போதே வேலையை விடலாமா? இன்னொன்று, இந்த மாதிரி வேலைக்குப் பணம் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: இப்போதே வேண்டாம். புத்தகங்கள் எல்லாருக்கும் பிடித்தன என்று எழுதியிருக்கிறீர்கள். யாராவது விலை கேட்டார்களா, வாங்கினார்களா என்று எழுதவில்லை. கடிதத்தில் நான் தேடியது அதைத்தான்.

உங்கள் தொழிலில் ஒரு சிக்கல் இருக்கிறது. சேவை நோக்கத்தோடு தொடங்கும் பெரும்பாலான தொழில்களில் அது உண்டு. புத்தகத்தைத் தொட்டுப் படிப்பது குழந்தை. நல்ல புத்தகம் என்று சொல்வது ஆசிரியர். பணம் கொடுப்பது இவர்கள் இருவரும் இல்லை. பள்ளி நிர்வாகமோ, நூலகமோ, அருங்காட்சியகமோ, நன்கொடை தரும் அறக்கட்டளையோதான். நீங்கள் இதுவரை முதல் இருவரிடம்தான் பேசியிருக்கிறீர்கள். மூன்றாவது ஆளைச் சந்திக்க வேலையை விட வேண்டியதில்லை. இரண்டு நாள் லீவு போதும்.

அந்தச் சந்திப்பில் புத்தகத்தைக் காட்டிப் பாராட்டு வாங்குவதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். கடைசியாக இது போன்ற பொருளை எப்போது வாங்கினார்கள், யார் கையெழுத்துப் போட்டார், பணம் எத்தனை நாளில் கொடுத்தார்கள், அடுத்த வருட பட்ஜெட் எந்த மாதம் முடிவாகிறது என்று கேளுங்கள். அப்புறம் ஒரு விலையைச் சொல்லுங்கள். ‘யோசித்துச் சொல்கிறோம்’ என்றால் இன்னும் வாங்கவில்லை என்றுதான் பொருள். ‘இலவசமாகக் கொடுத்தால் பயன்படுத்திப் பார்க்கிறோம்’ என்றாலும் அப்படித்தான். சிறிய தொகைக்காவது ஒரு சோதனை ஆர்டர் வாங்கிவிட்டால், அந்த ஓர் இன்வாய்ஸிலிருந்து உங்களுக்குத் தெரியவருவது நூறு பாராட்டிலிருந்து தெரியாது.

ஏழு மாதச் சேமிப்பு போதுமா என்று பார்ப்போம். முதல் பேச்சிலிருந்து ஆர்டர் உறுதியாக நிறுவனங்களில் சாதாரணமாக இரண்டு மூன்று மாதம் ஆகும். புத்தகம் செய்ய இரண்டு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்த பிறகு பில் பாஸாகிப் பணம் வர இன்னும் இரண்டு மாதம். ஆக, எல்லாம் சரியாக நடந்தால்கூட முதல் பணம் கைக்கு வரும்போது சேமிப்பு தீர்ந்திருக்கும். தொழிலுக்கான பொருள், இயந்திரச் செலவு எதையும் நான் இதில் சேர்க்கவில்லை. இதற்காகச் சேமிப்பைப் பன்னிரண்டு மாதத்துக்கு உயர்த்திவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ஆர்டருக்காகக் காத்திருக்கும் அந்த முதல் மூன்று மாதத்தைச் சம்பளம் வரும் காலத்திலேயே கழித்துவிடுங்கள். ஆர்டர் உறுதியானதும் நாற்பது சதவீதம் முன்பணம் கேளுங்கள். அதே ஏழு மாதம் தாராளமாகத் தாங்கும்.

வேலையில் இருந்துகொண்டே தொடங்குவது அரைமனசு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜோசப் ராஃபி, ஜீ ஃபெங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்கத் தரவுகளை வைத்து 2014-ல் வெளியிட்ட ஆய்வில், வேலையைத் தக்கவைத்துக்கொண்டு தொழிலைத் தொடங்கிப் பிறகு முழுநேரமாக மாறியவர்களுக்கு, நேரடியாக வேலையை விட்டு இறங்கியவர்களைவிடத் தோற்றுப்போகும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. கலைத்துறையிலும் இதற்கு உதாரணம் உண்டு. இசையமைப்பாளர் பிலிப் கிளாஸ் ஓரளவு பெயர் வந்த பிறகும், நாற்பது வயதைத் தாண்டும்வரை டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தார். உங்கள் நிறுவனம் ஒத்துக்கொண்டால் வாரத்தில் மூன்று நாள் வேலைக்கு மாற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். ஒன்பது வருடம் இருந்தவரை இழப்பதற்குப் பாதியாவது வைத்துக்கொள்ளலாம் என்று அவர்களும் நினைக்கக்கூடும்.

இனி விலை. டிசைனர்கள் அதிகமாகத் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வருடத்தில் 365 நாள். வார இறுதிகள் 104 போக 261. பண்டிகை, காய்ச்சல், குடும்ப வேலை என்று ஒரு 31 நாள் போனால் 230. சொந்தத் தொழிலில் பாதி நாள் ஆட்களைச் சந்திப்பது, கொட்டேஷன் எழுதுவது, கணக்குப் பார்ப்பது, பில்லுக்காக நினைவுபடுத்துவது என்று போய்விடும். பணம் வரும் வேலை நாள் 115 கிடைத்தால் பெரிது. இப்போது உங்கள் மாதச் சம்பளம் 100 என்று வையுங்கள். வருடத்துக்கு 1200. நிறுவனம் உங்களுக்காகக் கட்டிவந்த காப்பீடு, ஓய்வூதியப் பங்கு, கணினி, மென்பொருள் இவற்றை எல்லாம் இனி நீங்கள்தான் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு 300. மொத்தம் 1500. அதை 115 நாளால் வகுத்தால் நாளுக்கு 13. இன்று உங்கள் ஒரு நாள் சம்பளம் மாதத்துக்கு 22 வேலை நாள் கணக்கில் நாலரைதான். அதாவது இன்றைய நிலையிலேயே இருப்பதற்கே ஏறக்குறைய மூன்று மடங்கு கேட்க வேண்டும். பேராசை இல்லை, வெறும் வகுத்தல்.

புத்தகம் செய்யும் முறையும் விலையைத் தீர்மானிக்கும். துணி, நூல், மரத்துண்டு ஒட்டிக் கையால் செய்வது குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் ஐம்பதாவது பிரதிக்கும் முதல் பிரதி அளவு உழைப்பு வேண்டும். சூட்டில் கறுப்புக் கோடு உப்பி எழும் தாளில் அச்சிட்டால் வேகமாக வேலை முடியும்; கோடும் வடிவமும் கிடைக்கும், துணியின் சொரசொரப்பு கிடைக்காது. மூன்றாவது வழி, ஓர் அச்சு செய்து அதன்மேல் பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கிப் படியவைத்துப் பிரதி எடுப்பது. இதில் செலவு முழுக்க அந்த முதல் அச்சில்தான். ஆகவே கொட்டேஷனில் வடிவமைப்புக்கு ஒரு தொகை, பிரதிக்கு ஒரு தொகை என்று தனித்தனியாகப் போடுங்கள். இரண்டையும் சேர்த்து ஒரே விலை சொன்னீர்களானால், ‘ஐந்து பிரதி மட்டும் போதும்’ என்று ஒருவர் வரும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

கூடவே, பிரெய்ல் படிக்கத் தெரிந்த பார்வையற்ற ஒருவரைப் பரிசோதகராக வைத்து, அவருக்கான கட்டணத்தையும் விலையிலேயே சேருங்கள். கண்ணுக்கு அழகாக இருக்கும் படம் விரலுக்குப் புரியும் என்பதில்லை. ஒன்றின்மேல் ஒன்று ஏறிய உருவங்களும், தூரத்தில் இருப்பதால் சிறிதாக வரைந்த மரமும் விரலுக்குக் குழப்பம்தான். விரல் படத்தைத் துண்டு துண்டாகத்தான் சேர்த்துப் படிக்கிறது. ஒன்பது வருட அனுபவத்தில் இது உங்களுக்குப் புதிய பாடம். அவரிடம் இலவசமாகக் கருத்துக் கேட்காதீர்கள்.

பணம் கேட்கக் கூச்சம் என்கிறீர்கள். குழந்தையிடம் நீங்கள் கேட்கப்போவதில்லை. கட்டடத்துக்கும் கணினிக்கும் காசு கொடுக்கும் ஒரு நிர்வாகத்திடம் கேட்கிறீர்கள். குறைந்த விலைக்குச் செய்து ஒன்றரை வருடத்தில் ஸ்டூடியோவை மூடினால், இரண்டாம் வகுப்புக்குப் புத்தகம் வாங்கிய பள்ளிக்கு மூன்றாம் வகுப்புக்குப் புத்தகம் இருக்காது. இலவசமாகக் கொடுத்தே தீர வேண்டும் என்று மனசு சொன்னால் அளவை எழுதி வைத்துவிட்டுக் கொடுங்கள். சுற்றுச்சூழலுக்காக 2002-ல் தொடங்கிய ‘ஒன் பர்சென்ட் ஃபார் தி பிளானட்’ என்ற அமைப்பில் சேரும் நிறுவனங்கள் லாபத்திலிருந்து இல்லாமல் விற்பனையிலிருந்தே ஒரு சதவீதம் தர ஒத்துக்கொள்கின்றன. லாபம் என்பது கணக்கு எழுதுவதைப் பொறுத்து மாறும், விற்பனை மாறாது. நீங்களும் ‘ஒவ்வொரு இருபது பிரதிக்கும் ஒன்று இலவசம்’ என்பதுபோல எண்ணிப் பார்க்கக்கூடிய ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அந்தச் செலவையும் விலையில் சேர்க்க முடியும்.

பதிப்புரிமையில் ஒரு விஷயம் உங்கள் துறையில் பலருக்குத் தெரிவதில்லை. உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் மராகேஷ் உடன்படிக்கை 2013-ல் ஏற்கப்பட்டு 2016-ல் நடைமுறைக்கு வந்தது. பார்வையற்றோர் படிக்கக்கூடிய வடிவத்தில் புத்தகங்களை உரிமையாளரின் அனுமதி இல்லாமலே மாற்றித் தர அது வழிசெய்கிறது. ஆனால் அந்தச் சலுகை முக்கியமாக லாப நோக்கமில்லாமல் இந்தச் சேவையைச் செய்யும் அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகளுக்கானது. உங்கள் ஸ்டூடியோ ஒரு வணிக நிறுவனமாக இருந்தால், ‘நல்ல காரியம்தானே’ என்று பிரபலமான படப் புத்தகத்தை எடுத்து மாற்றி விற்க முடியாது. பதிப்பாளரிடம் அனுமதி வாங்குங்கள், அல்லது சொந்தக் கதையை வைத்துக்கொள்ளுங்கள். அங்கீகாரம் உள்ள அமைப்பு ஒன்றுக்கு ஒப்பந்தத்தில் செய்து கொடுப்பதாக இருந்தால், உங்கள் நாட்டுச் சட்டம் அதற்கு இடம் தருகிறதா என்று வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். கம்பெனியாகப் பதிவதா, அறக்கட்டளையாகப் பதிவதா என்ற கேள்வியையும் அதே நாளில் அவரிடமே கேட்கலாம்.

உங்கள் வேலை ஒப்பந்தத்தையும் எடுத்துப் படியுங்கள். வெளி வேலை செய்ய எழுத்து மூலம் அனுமதி வேண்டுமா, வேலைக் காலத்தில் நீங்கள் உருவாக்கியது யாருக்குச் சொந்தம், நோட்டீஸ் காலம் எவ்வளவு என்ற மூன்றையும் பாருங்கள். அந்த இரண்டு மாதிரிப் புத்தகங்களை அலுவலகக் கணினியிலோ, அலுவலகம் உரிமம் வாங்கிய எழுத்துருக்களிலோ செய்திருந்தால், சொந்தக் கணினியில் புதிதாகச் செய்துவிடுங்கள். சலிப்பான வேலைதான். பின்னால் வரும் வக்கீல் நோட்டீஸைவிட மலிவு.

மனைவி சம்மதித்தது பெரிய பலம். அவர் எந்தத் தொகைவரை சம்மதித்தார் என்று பேசியிருக்கிறீர்களா? சேமிப்பு எத்தனை மாதத்துக்குக் குறைந்தால் மறுபடி வேலை தேடுவது என்று இருவரும் இப்போதே எழுதி வையுங்கள். கையில் இரண்டு மாதப் பணம் மட்டும் இருக்கும்போது அந்தப் பேச்சைத் தொடங்கினால் அது சண்டையில்தான் முடியும்.

எப்போது ராஜினாமா? வெவ்வேறு இரண்டு நிறுவனங்கள் பணம் கட்டியிருக்க வேண்டும், அதில் ஒன்றாவது இரண்டாவது ஆர்டருக்கு முன்பணம் கொடுத்திருக்க வேண்டும். நான் வைக்கும் கோடு அது. ஆறு மாதத்திலும் நடக்கலாம், ஒன்றரை வருடமும் ஆகலாம். அதற்குப் பிறகும் நடக்கவில்லை என்றால் பொருளையோ வாங்குபவரையோ மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். அருங்காட்சியகங்களுக்குத் தொட்டுணரும் வரைபடங்கள் செய்வது உங்கள் திறமைக்குப் பக்கத்தில் இருக்கும் வேலை.

விடும்போது நோட்டீஸ் காலத்தை முழுசாக முடித்துக் கொடுங்கள். வேலை குவியும் மாதங்களில் விளம்பர நிறுவனங்கள் வெளியிலிருந்து டிசைனர் தேடும். முதல் வருடத்தில் மாதம் நாலைந்து நாள் நீங்களே அவர்களுக்குச் செய்து கொடுக்கலாம். ஆனால் அன்றைக்குப் பழைய சம்பளக் கணக்கில் விலை சொல்லிவிடாதீர்கள், அந்த 13-ஐச் சொல்லுங்கள்.