பட்டா காட்டுல தாழி, பக்கத்துல குவாரி: சொன்னா நிலம் போயிடுமா?

கேள்வி: எங்க ஊர் கரட்டுல, புறம்போக்கு நிலத்துல, முப்பது கல்வட்டம் (பழங்காலப் புதைகுழியைச் சுத்தி வட்டமா வச்ச கல்லு) கிட்ட இருக்கு, ஊர்ல பாண்டவர் குழின்னு சொல்வாங்க. அதை ஒட்டி கல்குவாரிக்கு ஏலம் விடப் போறதா பேச்சு. போன மாசம் சித்தப்பா அவர் பட்டா காட்டுல தென்னை வைக்க ஜேசிபி விட்டாரு, ஒரு தாழி (அந்தக் காலத்துல இறந்தவங்களைப் புதைச்ச பெரிய மண்பானை) உடைஞ்சு உள்ள இருந்து இரும்பு வாளும் சிவப்பு மணிகளும் வந்துச்சு. வெளிய சொன்னா நிலத்தை கவர்மெண்ட் எடுத்துக்கும்னு பயப்படறாரு. என்ன செய்யறது?

பதில்: முதல்ல சித்தப்பாவோட பயத்தைப் பத்தி பேசிடலாம், ஏன்னா இந்த பயத்துலயே தான் பாதி தாழி ராத்திரியோட ராத்திரியா உடைபடுது. தொல்லியல் இடம்னு அறிவிச்சாலே பட்டா ரத்தாயிடாது, நிலம் அவர் பேர்லயே இருக்கலாம். பழங்காலச் சின்னங்களைக் காக்கற 1958 மத்திய சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடத்துல உரிமையாளரே ஆனாலும் அனுமதி இல்லாம கட்டடம் கட்டக்கூடாது, குவாரி, வெடி, தோண்டற வேலை எதுவும் கூடாது, ஆனா மேல்மண்ணுல 1 அடி ஆழத்துக்குள்ள உழுது வெள்ளாமை பண்ண அதே சட்டம் இடம் கொடுக்குது. கம்பு, கொள்ளு, நிலக்கடலை போடலாம், தென்னைக்கு 3 அடி குழி வெட்ட முடியாது, அவ்ளோதான். அந்த சட்டத்தால நஷ்டம் வந்தா இழப்பீடு கேக்கவும் வழி இருக்கு.

இப்போ அந்த வாளும் மணியும். 1878 புதையல் சட்டப்படி மண்ணுக்குள்ள கிடைச்ச பொருள் 10 ரூபாய்க்கு மேல மதிப்பு இருந்தா கலெக்டருக்கு எழுத்துல தெரிவிக்கணும், மறைச்சா 1 வருஷம் வரைக்கும் ஜெயில். ஒரு மாசம் ஆயிடுச்சேன்னு தயங்க வேண்டாம், நாளைக்கே மனு கொடுக்கச் சொல்லுங்க, தானா வந்து சொல்றவரையும் பிடிபடறவரையும் யாரும் ஒண்ணா பாக்க மாட்டாங்க.

குவாரி விஷயம் தான் கஷ்டமானது, மறைக்காம சொல்றேன். மத்திய அரசு அறிவிச்ச இடம்னா அந்த 1958 சட்டத்துல சுத்தி 100 மீட்டர் தடை, அதுக்கு மேல 200 மீட்டர் கட்டுப்பாடு, மீறினா 2 வருஷம் வரை சிறை இல்லைன்னா 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் இல்லைன்னா ரெண்டும். ஆனா நம்ம ஊர்கள்ல இருக்கற கல்வட்டம், கல்திட்டை, கல்பதுக்கை (பலகைக் கல்லால கட்டின பழைய ஈமச்சின்னங்கள்) இதுல பெரும்பாலானது எந்த லிஸ்ட்லயும் கிடையாது, ஏலம் விடற ஆபீஸுக்கு அது வெறும் கல் தான். அதனால ஏலத்துக்கு முன்னாடியே அதை பேப்பர்ல ஏத்தணும். நான் பாத்த ஒரு மனுல "பழங்கால கற்கள் உள்ளன"ன்னு மட்டும் இருந்துச்சு, சர்வே நம்பரே இல்ல, அப்படியே திரும்பி வந்துடுச்சு. கடைசியா நாங்க இடத்துக்குப் போனப்போ ஒரு வட்டத்துல பாதிக் கல்லு வரப்புல குவிஞ்சு கிடந்துச்சு, மனசு ஆறவே இல்ல.

நீங்க அப்படி விடாதீங்க. ஒவ்வொரு வட்டத்துக்கும் பக்கத்துல ஒரு அளவுகோல் வச்சு போட்டோ, போன்ல ஜிபிஎஸ் பாயிண்ட், வட்டத்தோட குறுக்களவு, சர்வே நம்பர், எஃப்எம்பி ஸ்கெட்ச்ல (சர்வே நம்பரோட நில அளவை வரைபடம்) எந்த மூலைன்னு எழுதி, கலெக்டர், கனிமவளத்துறை, மாநில தொல்லியல் துறை மூணு பேருக்கும் டெலிவரி ஆனதுக்கு சான்று கிடைக்கற மாதிரி ஸ்பீட் போஸ்ட் போடுங்க, பழங்காலச் சின்னங்களுக்கான 1966 மாநில சட்டத்துல இதை பாதுகாக்கப்பட்ட இடமா அறிவிக்கணும்னு கேளுங்க. கிராம சபைல தீர்மானமும் போடுங்க. மதுரை அரிட்டாபட்டி 2022ல பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிக்கப்பட்டது, அந்தப் பகுதில டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து ஊர் ஊரா கிராம சபை தீர்மானம் போட்டாங்க, 2025 ஜனவரில ஏலம் ரத்தாச்சு.

ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட மனு) போட்டு குவாரிக்கு சுற்றுச்சூழல் அனுமதி ஆயிடுச்சான்னு கேளுங்க, ஆயிருந்தா பசுமைத் தீர்ப்பாயத்துல அப்பீலுக்கு 30 நாள் தான், தகுந்த காரணம் காட்டினா இன்னும் 60 நாள். மனுவுக்கு பதிலே வராம ஏல அறிவிப்பு வந்துட்டா ஹைகோர்ட்ல ரிட் போட்டு இடைக்காலத் தடை கேக்கலாம், அப்போ அந்த டெலிவரி சான்றும் போட்டோவும் தான் உங்க கேஸே.

ஜேசிபியை இன்னிக்கே வெளிய அனுப்பிடுங்க. உடைஞ்ச தாழில மிச்சம் இருக்கற மண்ணை நோண்டாம, உடைஞ்ச ஓட்டுத் துண்டுகளை ஒட்டவைக்காம, மேல ஒரு தார்ப்பாய் போட்டு கல்லு வச்சு, துறைக்காரங்க வந்து பாக்கறவரைக்கும் அப்படியே விடுங்க.