ஆனைமுடியின் சிவப்புத் தவளை நம்ம தொண்டிக் கடற்கரைப் பக்கம் பிழைக்குமா?

பிழைக்காது, தயவுசெய்து பிடித்து வரவும் நினைக்காதீர்கள். நீங்கள் கேட்கும் அந்தச் சின்னப் புதர்த்தவளை கேரளத்தில் ஆனைமுடி மலையிலும் அதைச் சுற்றிய உயரமான பகுதியிலும் மட்டும் வாழ்வது, 2010-இல்தான் அதைத் தனி இனமாக அறிவித்தார்கள், இப்போது அழிவின் விளிம்பில் இருக்கிறது.

அதன் இனப்பெருக்கம்தான் எனக்குப் பெரிய வியப்பு. நம்ம கண்மாய்த் தவளை தண்ணீரில் முட்டையிடும், தலைப்பிரட்டை நீந்தும், அப்புறம் கால் முளைக்கும். புதர்த்தவளைகளுக்கோ தலைப்பிரட்டைப் பருவமே வெளியில் கிடையாது, முட்டைக்குள்ளேயே எல்லாம் முடிந்து நகக்கண் அளவு குட்டித் தவளையாகவே வெளியே வரும். அதனால் அதற்குக் குளம் வேண்டாம். ஆனால் முட்டைக்கு ஓடு இல்லையே, சுற்றிலும் ஈரம் குறைந்தால் உலர்ந்து போகும், அதனால்தான் மேகம் தவழும் உயரமான புல்வெளியும் சோலையும் அதற்கு வீடு.

இங்கே ஐப்பசி, கார்த்திகை மழையை விட்டால் மற்ற மாதமெல்லாம் வெயிலும் உப்புக்காற்றும்தான். தவளை தோலாலும் மூச்சு விடும், உப்பு அந்தத் தோலிலிருந்து நீரை உறிஞ்சிவிடும்.

நம்ம மண்ணுக்கென்றே மண்ணுக்குள் புதைந்து கோடையைக் கடத்தும் தவளைகள் இருக்கின்றன. முதல் மழை ராத்திரி கண்மாய்க் கரையில் போய் நின்று கேளுங்கள்.