இன்னொரு தாள் வேண்டாம், இருக்கும் செய்முறையை மாற்றுங்கள்

கேள்வி: நான் தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் வேதியியல் துறைத் தலைவராக இருக்கிறேன். எங்கள் கல்லூரியின் நோக்க அறிக்கையில் 'நீடித்த நிலைத்தன்மை' சேர்க்கப்பட்டிருப்பதால், ஒவ்வொரு துறையும் அதற்கென ஒரு புதிய தாள் தர வேண்டும் என்கிறார்கள். சுற்றுச்சூழல் கல்வித் தாளையே மாணவர்கள் தேர்வுக்கு முந்தைய இரவில்தான் புரட்டுகிறார்கள். இன்னொரு தாளால் பயன் உண்டா?

பதில்: பயன் இருக்காது என்றே கருதுகிறேன். சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் வழங்கிய உத்தரவின் தொடர்ச்சியாகத்தான் சுற்றுச்சூழல் கல்வி எல்லா இளநிலைப் படிப்புகளுக்கும் கட்டாயமாயிற்று. பல்கலைக்கழக மானியக் குழு பின்னர் வகுத்த மாதிரிப் பாடத்திட்டம் 100 மதிப்பெண்களில் 25ஐக் களப்பணிக்கு ஒதுக்கியது. நோக்கம் நல்லதுதான், ஆனால் பல இடங்களில் அந்தக் களப்பணி ஒருவர் எழுதியதைப் பலர் பார்த்தெழுதும் பதிவேடாகச் சுருங்கிவிட்டது. தன் முதன்மைப் பாடத்தோடு ஒட்டாத தாளுக்கு மாணவர் மனத்தில் தனி இடம் கிடைப்பதில்லை.

ஆகவே, உங்கள் ஆய்வகத்திலிருந்தே தொடங்குங்கள். அசிட்டனிலைடு என்னும் கரிமச் சேர்மத்தைப் புரோமினேற்றம் செய்யும், அதாவது அதில் புரோமின் அணுவைச் சேர்க்கும், பழைய செய்முறையை எடுத்துக்கொள்வோம். நீர்மப் புரோமினை அசிட்டிக் அமிலத்தில் கரைத்துச் சேர்ப்பது வழக்கம். அதன் செம்பழுப்பு ஆவி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். இதற்கு மாற்றாக, பொட்டாசியம் புரோமைடையும் சீரிக் அம்மோனியம் நைட்ரேட்டையும் நீர் கலந்த எத்தனாலில் பயன்படுத்தி, அறை வெப்பநிலையிலேயே அதே விளைபொருளைப் பெறலாம். பசுமை வேதியியல் என்று சொல்லிப் பல கல்லூரிகள் இம்மாற்றத்தோடு நின்றுவிடுகின்றன. உண்மையான கற்பித்தல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

இரு முறைகளுக்கும் அணுச் சிக்கனத்தை, அதாவது வினைபடு பொருள்களின் நிறையில் எத்தனை பங்கு விளைபொருளில் சேர்கிறது என்பதை, மாணவர்களையே கணக்கிடச் சொல்லுங்கள். பழைய முறைக்கு ஏறத்தாழ 73 விழுக்காடு வரும். ஒரு மூலக்கூறு விளைபொருளுக்கு இரண்டு மூலக்கூறு சீரிக் உப்பு செலவாவதால் புதிய முறைக்கு 16 விழுக்காடுதான் வரும். பாதுகாப்பான முறை கூடுதல் கழிவைத் தருகிறது என்பதைத் தன் கையால் போட்ட கணக்கில் காணும் மாணவர் திகைப்பார். எந்த முறையை 40 பேர் கொண்ட வகுப்புக்கும், எதைத் தொழிற்சாலைக்கும் தேர்வீர்கள், ஏன் என்று அப்போது கேளுங்கள். ஒன்றைக் காக்க இன்னொன்றை எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்று எடைபோடும் இந்தப் பழக்கத்தையே நான் நிலைத்தன்மைக் கல்வி என்பேன். மற்ற துறைகளுக்கும் இதுபோல் வழியுண்டு: வணிகவியல் மாணவர்கள் கல்லூரியின் மின்கட்டண ரசீதைச் செலவுக் கணக்கியலில் பகுத்தாராயலாம்.

நிர்வாகத்திடமும் நீங்கள் கேட்க வேண்டியவை உண்டு. ஒரு கல்லூரியின் நோக்கத்தை நான் அதன் கொள்முதல் கோப்பிலும் பணிநேர அட்டவணையிலும்தான் தேடுவேன். வேதிப்பொருள் வாங்கும்போது குறைந்த விலைப்புள்ளியை மட்டும் பார்க்காமல், அதன் கழிவை அகற்ற ஆகும் செலவையும் சேர்த்து ஒப்பிட வேண்டும். செய்முறையை மாற்றியமைக்கும் ஆசிரியருக்கு அந்த உழைப்பு பணிநேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். மாலையில் தனியே அமர்ந்து செய்யும் தொண்டாக அதை விட்டுவிட்டால், அவர் பணிமாறியதும் பழைய செய்முறையேடு திரும்பிவிடும். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) அமைப்பின் மதிப்பீட்டுக்காக வெளியாரிடம் பெறும் பசுமைத் தணிக்கைச் சான்றிதழைவிட, அத்தணிக்கைக்கான அளவீடுகளை மாணவர்களே எடுப்பது மேல்.

தன்னாட்சிக் கல்லூரி என்பதால் உங்கள் பாடத்திட்டக் குழுவே இம்மாற்றத்தை முன்மொழிந்து கல்விக் குழுவின் ஒப்புதலைப் பெறலாம். வரும் பருவத்தில் இந்த ஒரு செய்முறையை மட்டும் மாற்றி, ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் கழிவுக் கலனின் நிறையை மாணவர்களே குறிக்கட்டும். குழுவின் அடுத்த கூட்டத்துக்கு அந்தக் குறிப்பேட்டையும், விடைக்கான காரணத்துக்கு மதிப்பெண் தரும் ஒரு மாதிரி வினாவையும் எடுத்துச் செல்லுங்கள்.