501-வது யூனிட்டின் விலை 243 ரூபாய்

(கரண்ட் பில் பற்றி வந்த கடிதங்களிலிருந்து. கணக்குகள் எல்லாம் தமிழ்நாட்டு வீட்டு இணைப்புக்கு, இரண்டு மாத ரீடிங்குக்கு, 2024 ஜூலையில் வந்த கட்டணப் பட்டியல்படி போட்டவை.)

போன பில் 496 யூனிட், 1,780 ரூபாய். இந்த முறை 508 யூனிட், 2,107 ரூபாய். 12 யூனிட்டுக்கு 327 ரூபாயா? மீட்டர் வேகமாக ஓடுகிறதா, ரீடிங் எடுத்தவர் தப்பாகக் குறித்துவிட்டாரா?
*வாசகர், மதுரை*

மீட்டரும் சரி, ரீடிங்கும் சரி. 500-ஐத் தாண்டியதால் பட்டியலே மாறிவிட்டது.

500 யூனிட் வரை உள்ள வீட்டுக்கு முதல் 100 இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. மொத்தம் 1,805. ஒரே ஒரு யூனிட் கூடினாலும் அந்த 2.35 சலுகை பறிபோய், 101-லிருந்தே 4.70 போடுவார்கள். அங்கேயே 235 ரூபாய் ஏறிவிடுகிறது. 501-வது யூனிட்டுக்கு 8.40. ஆக அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு. அதற்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1,000 வரை 10.50, பிறகு 11.55.

அதிகம் செலவழிப்பவர் அதிகம் கொடுக்கட்டும் என்பது நியாயம்தான். ஆனால் படிக்கட்டு கட்ட வேண்டிய இடத்தில் சுவரைக் கட்டி வைத்திருக்கிறார்கள். 499-ல் நிற்கும் வீட்டுக்கும் 501-ல் நிற்கும் வீட்டுக்கும் வசதியில் என்ன பெரிய வித்தியாசம்? சலுகையை 500-க்கு மேல் யூனிட் யூனிட்டாகக் கரைத்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

அது மாறும்வரை நீங்கள் செய்யக்கூடியது: ரீடிங் எடுத்த அன்றே மீட்டர் திரையில் எண்கள் மாறி மாறி வரும்போது ‘கேடபிள்யூஎச்’ (kWh, அதாவது யூனிட்) என்று வரும் எண்ணை வெள்ளை அட்டையின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 30-ம் நாளும் 45-ம் நாளும் திரும்பப் பாருங்கள். முதலில் குறித்த எண்ணைக் கழித்த பிறகு 45-ம் நாள் 375-ஐத் தாண்டியிருந்தால் 500-ஐ மீறப் போகிறீர்கள் என்று அர்த்தம். மீதமிருக்கும் 15 நாளில் கீசரையும் அயர்ன் பாக்ஸையும் குறைத்தாலே 10, 15 யூனிட் இறங்கிவிடும். உங்கள் வீட்டுக்கு அது போதும்.

கரண்ட் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி ஃபேன் 3,000 ரூபாய் சொல்கிறார்கள். சாதா ஃபேன் அதில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. உண்மையிலேயே மிச்சமாகுமா? எலக்ட்ரீஷியன் பழைய ரெகுலேட்டரிலேயே மாட்டலாம் என்கிறார்.
*வாசகி, செங்கல்பட்டு*

பழைய ரெகுலேட்டரில் மாட்ட விடாதீர்கள். அந்த ரெகுலேட்டர் மின்னோட்டத்தை நறுக்கி நறுக்கி அனுப்பும். பிஎல்டிசி ஃபேனுக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு அதைத் தாங்காது. முழு வேகத்தில் வைத்தால் சில நாள் ஓடும், யாராவது ஒருநாள் திருகுவார்கள், போர்டு போய்விடும். போர்டில் உள்ள எம்சிபி சுவிட்சை அணைத்துவிட்டு, ரெகுலேட்டரைக் கழற்றி, சுவிட்சிலிருந்து வரும் ஃபேஸ் வயரை நேராக ஃபேனுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். வேகத்தை ரிமோட்டில் மாற்றிக்கொள்ளலாம். ரிமோட்டைத் தொலைக்கும் வீடு என்றால், தனக்கேற்ற ரெகுலேட்டரோடு வரும் மாடல்களைக் கேட்டு வாங்குங்கள்.

இனி கணக்கு. பழைய ஃபேன் முழு வேகத்தில் ஏறத்தாழ 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி 30 வாட். நாளுக்கு 16 மணி நேரம், 60 நாள் என்றால் பழையது 72 யூனிட், புதியது 29. ஒரு ஃபேனுக்கு 43 யூனிட் மிச்சம். எப்போதும் இரண்டாம் எண்ணில் வைத்து ஓட்டுபவர்களுக்கு மிச்சம் இதைவிடக் குறையும்.

அந்த 43 யூனிட் எத்தனை ரூபாய் என்பது உங்கள் வீடு எந்த அடுக்கில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இரண்டு மாதத்துக்கு 620 யூனிட் ஓடும் வீட்டுக்கு பில் 3,069. அங்கே நாள் முழுக்கச் சுற்றும் மூன்று ஃபேனை மாற்றினால் 490-க்கு இறங்கி, பில் 1,745-க்குள் வந்துவிடும். 9,000 ரூபாய் முதல் ஏழு பில்லில் திரும்பிவிடுகிறது. அதே ஃபேனை 190 யூனிட் வீட்டில் மாட்டினால் ஒரு பில்லுக்கு மிச்சம் 101 ரூபாய்தான். 3,000 ரூபாய் திரும்ப ஐந்து வருடம் ஆகும்.

ஆகவே எல்லா ஃபேனையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். அதிக நேரம் ஓடும் படுக்கையறை, ஹால் ஃபேன்கள் முதலில். விருந்தாளி அறையில் தினம் இரண்டு மணி நேரம் ஓடும் ஃபேனை மாற்றினால் இரண்டு மாதத்தில் ஐந்து யூனிட்தான் மிஞ்சும், அதை அப்படியே விடுங்கள். பழைய ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்பதற்காக மட்டும் மாற்ற நினைத்தால், முதலில் 2.5 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை மாற்றிப் பாருங்கள். நூறு ரூபாய்க்குள் வேலை முடியும். வேகம் திரும்பும், கரண்ட் மட்டும் குறையாது.

வாங்கும்போது வாட்டை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். காற்றே வராத ஃபேனும் குறைந்த வாட்டில் சுற்றும். 1,200 மில்லிமீட்டர் ஃபேனுக்குக் காற்றளவு நிமிடத்துக்கு 210 கன மீட்டருக்குக் குறையக் கூடாது, அட்டைப்பெட்டியிலேயே போட்டிருக்கும். 2023 ஜனவரி 1 முதல் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர லேபிள் கட்டாயம். வாரண்டி மோட்டாருக்கு மட்டுமா, போர்டுக்கும் சேர்த்தா என்று பில்லில் எழுதி வாங்குங்கள், கெட்டுப்போவது போர்டுதான்.

எங்கள் வீட்டில் ஒரு ஃபேன், இரண்டு பல்பு, ஒரு டிவி. 90 யூனிட் தாண்டாது, பில்லும் வராது. நான் எதற்கு 3,000 ரூபாய் ஃபேன் வாங்க வேண்டும்? மிச்சம் பிடிக்கச் சொல்லி எங்களுக்கும் சேர்த்து விளம்பரம் செய்கிறார்களே?
*வாசகர், திருவாரூர்*

நீங்கள் வாங்கத் தேவையில்லை. உங்கள் ஃபேனை மாற்றினால் லாபம் முழுக்க அரசுக்கு. அதனால் வாங்கித் தர வேண்டியதும் அரசுதான்.

மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 உத்தரவில் 400 யூனிட் வரையிலான கட்டணம் யூனிட்டுக்கு 4.80. நீங்கள் கட்டாத அந்தப் பணத்தை அரசு மானியமாக மின்வாரியத்துக்குக் கட்டுகிறது. உங்கள் ஒரே ஃபேனில் 43 யூனிட் குறைந்தால், இரண்டு மாதத்துக்கு 206 ரூபாய் அரசுக்கு மிச்சம். 3,000 ரூபாய் ஃபேனை இலவசமாகவே கொடுத்தாலும் பதினைந்து பில்லில், அதாவது இரண்டரை வருடத்தில், போட்ட பணம் வந்துவிடும். ஃபேன் அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் ஓடும்.

மேலே சொன்ன 190 யூனிட் வீட்டில் 100-க்கு மேற்பட்ட ஒவ்வொரு யூனிட்டுக்கும் குடும்பம் 2.35-ம், அரசு 2.45-ம் கொடுக்கின்றன. அங்கே குடும்பம் 100 ரூபாயைப் பில்லோடு தவணையாகக் கட்டி, அரசு தனக்கு மிஞ்சும் 105 ரூபாயையும் போட்டால் அதே பதினைந்து பில்லில் கடன் தீரும். குடும்பத்தின் கையிலிருந்து கூடுதலாக ஒரு ரூபாய்கூடப் போகாது.

இது புது யோசனை அல்ல. 2015 ஜனவரி 5-ல் தொடங்கிய மத்திய அரசின் உஜாலா திட்டத்தில் இப்படித்தான் எல்இடி பல்பு வீடுகளுக்குள் வந்தது. மின்சிக்கனத்துக்கான அரசுத் துறை நிறுவனமான ஈஈஎஸ்எல் கோடிக்கணக்கில் மொத்தமாக டெண்டர் விட்டது. 2014-ல் 310 ரூபாய்க்கு வாங்கிய பல்பு 2016-ல் 38 ரூபாய்க்கு இறங்கியது. சில மாநிலங்களில் முதலில் 10 ரூபாய் கட்டினால் போதும், பாக்கி கரண்ட் பில்லில் தவணையாக ஏறும். 36 கோடிக்கும் மேல் பல்புகள் போய்ச் சேர்ந்தன. ஃபேனுக்கும் அதே நிறுவனம் 2023-ல் ஒரு கோடி என்ற இலக்கோடு திட்டம் அறிவித்தது. ஃபேன் பல்பைப் போல 38 ரூபாய்க்கு வராதுதான், அதில் செம்பும் காந்தமும் இருக்கின்றன. ஆனாலும் மொத்தமாக வாங்குபவனுக்குக் கடை விலை கிடையாது.

வீடு வீடாகப் பொருள் கொண்டுபோய்ச் சேர்ப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதா என்ன? 2006-ல் கலர் டிவி, 2011-ல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி என்று ரேஷன் கார்டு பார்த்துக் கொடுத்த மாநிலம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: புது ஃபேனைக் கொடுக்கும்போது பழையதைக் கழற்றி வாங்கிப் போய்விட வேண்டும். இல்லாவிட்டால் அது அடுத்த அறைக்குப் போய் அங்கே சுற்றும், மிச்சம் ஆவியாகிவிடும்.

ஏசி: மூன்று ஸ்டாரா, ஐந்து ஸ்டாரா?
*வாசகர், கோயம்புத்தூர்*

நட்சத்திரத்தை விட்டுவிட்டு, லேபிளில் பெரிதாகப் போட்டிருக்கும் யூனிட் எண்ணைப் பாருங்கள். அது வருடத்துக்கு 1,600 மணி நேரம் ஓடினால் ஆகும் கரண்ட். ஒன்றில் 970, இன்னொன்றில் 750 என்றிருந்தால் வித்தியாசம் 220. கோடையில் 120 நாள், இரவு 8 மணி நேரம் என்றால் உங்கள் ஓட்டம் 960 மணி. மிச்சம் 132 யூனிட். 9.45 அடுக்கில் இது வருடத்துக்கு 1,250 ரூபாய். விலை வித்தியாசம் 7,500 என்றால் ஆறு வருடம். வருடம் முழுக்கப் போடுபவர் ஐந்து ஸ்டார் வாங்கட்டும். இரண்டு மாதம் மட்டும் போடுபவருக்கு மூன்று ஸ்டாரே போதும்.

நட்சத்திர அளவுகோலை மத்திய அரசின் மின்சிக்கன அமைப்பான பிஇஇ அவ்வப்போது இறுக்குகிறது. 2022 ஜூலையிலும் இறுக்கியது. அதனால் பழைய ஐந்து ஸ்டார் புது அளவில் நான்காக இருக்கலாம். லேபிளின் செல்லுபடிக் காலத்தைப் பாருங்கள், தள்ளுபடி விற்பனையில் கட்டாயம் பாருங்கள். 2020 முதல் ஏசியைப் போட்டதும் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. 18-ல் வைத்தால் அறை சீக்கிரம் குளிராது, கம்ப்ரஸர்தான் ஓய்வில்லாமல் ஓடும். 26-ல் வைத்துக் கூடவே ஃபேனும் போடுங்கள்.

மொட்டை மாடிக்குக் கீழ் வீடு. இரவு பத்து மணிக்கும் சீலிங் கொதிக்கிறது. வெள்ளைப் பெயிண்ட் அடித்தால் குறையுமா?
*வாசகி, வேலூர்*

குறையும். வீட்டுக்குள் 2 முதல் 5 டிகிரி வரை இறங்கும். செலவுக்குப் பலன் என்று பார்த்தால் இந்தப் பக்கத்தில் வரும் வேலைகளில் இதுவே முதல்.

பிப்ரவரி, மார்ச்சில், மழை இல்லாத நாளில் செய்யுங்கள். பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் காயவிடுங்கள். விரிசல்களை அடைத்து, தண்ணீர் தேங்கும் பள்ளங்களைப் பூசி மட்டமாக்குங்கள். வெப்பம் திருப்பும் அக்ரிலிக் கோட்டிங் என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 20 முதல் 25 சதுர அடி வரும்; 600 சதுர அடி மாடிக்கு 27 லிட்டர் போல. முதல் கோட்டு கிழக்கு மேற்காக, நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டாவது வடக்கு தெற்காக. ஈரத் தளத்தில் அடித்தால் ஒரே மாதத்தில் கொப்பளித்து உரியும். நிறைய புகார்களுக்குப் பெயிண்ட் காரணம் அல்ல, இந்த அவசரம்தான். சுண்ணாம்பு அடித்தாலும் வெப்பம் குறையும். அடுத்த மழையில் கரைந்துவிடும், வருடா வருடம் அடிக்க வேண்டும். எதை அடித்தாலும் தூசி படிந்தால் வெண்மை போய்விடும், கோடையில் இரண்டு முறையாவது மாடியைக் கழுவுங்கள்.

தெலங்கானா 2023-ல் குளிர்கூரைக் கொள்கை என்றே ஒன்றைக் கொண்டுவந்து, அரசுக் கட்டடங்களுக்கும் 600 சதுர கஜத்துக்கு மேற்பட்ட மனையில் கட்டும் வீடுகளுக்கும் கட்டாயமாக்கியது. ஆனால் கொதிக்கும் கூரை பெரும்பாலும் சின்ன வீட்டில்தான் இருக்கிறது, அங்கே கட்டாயத்தைவிடப் பெயிண்ட் டப்பாவே உதவும்.

சோலார் போட்டுவிட்டால் இந்த மிச்சமெல்லாம் எதற்கு?
*வாசகர், சேலம்*

எத்தனை கிலோவாட் வேண்டும் என்பதே மிச்சம் பிடித்த பிறகுதான் தெரியும். ஒரு கிலோவாட் நாளுக்குச் சுமார் 4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 240 தரும். 620 யூனிட் வீட்டுக்கு 3 கிலோவாட் தேவைப்படும். ஃபேனை மாற்றி 490-க்கு இறக்கினால் 2 போதும். 2024-ல் வந்த மத்திய அரசின் பிஎம் சூர்யகர் திட்டத்தில் மானியம் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. அதற்கு மேல் எத்தனை போட்டாலும் 78,000-தான். மானியத்திலேயே கடைசி கிலோவாட் மெலிந்ததாகத்தான் இருக்கிறது.

விண்ணப்பிக்கும் முன் கரண்ட் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். இறந்துபோன அப்பா பெயரில் இருந்தால் முதலில் பெயர் மாற்றம், பிறகு சோலார். கிலோவாட்டுக்கு 100 சதுர அடி, நாள் முழுக்க நிழல் விழாத இடம் வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் நிழலைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். மானியம் வேண்டுமென்றால் உள்நாட்டில் தயாரான செல் கொண்ட பேனல், திட்டத்தின் தளத்தில் பதிவான நிறுவனம், இரண்டும் கட்டாயம். வரும் கரண்டையும் வெளியே போகும் கரண்டையும் கணக்கிடும் நெட் மீட்டர் மாட்டி, அதிகாரி பார்த்துச் சான்று ஏறிய பிறகே மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை முழுத் தொகைக்கும் வழி பார்த்து வையுங்கள். இன்னொன்று: பேட்டரி இல்லாத சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவர் மேல் மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். பவர்கட்டுக்கு சோலார் போட்டேனே என்று பிறகு வருத்தப்படாதீர்கள்.

செல்போன் சார்ஜரைப் பிளக்கிலேயே விட்டால் கரண்ட் போகுமா?
*வாசகி, நாகர்கோவில்*

போகும், இரண்டு மாதத்துக்கு அரை யூனிட்கூட வராது. டிவிக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கோடு உட்கார்ந்திருக்கும் செட்டாப் பாக்ஸ் 10 வாட் இழுத்தால் அதே காலத்தில் 14 யூனிட் தின்னும். தூங்கப் போகும்போது அந்த சுவிட்சை அணையுங்கள்.