குரோமியம் கொடுத்த செல்லில் டிசிஎஃப் டை பச்சையாக ஒளிர்ந்தால் ஆர்ஓஎஸ் என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். ஆர்ஓஎஸ் என்பது செல்லில் உருவாகும், எளிதில் வினைபுரியும் ஆக்சிஜன் வகைகள். டிசிஎஃப் டை என்பது ஆக்சிஜனேற்றம் அடைந்தால் பச்சையாக ஒளிரும் சாயம். ஆறாம் ஆக்சிஜனேற்ற நிலைக் குரோமியம் கொடுத்த செல்களில் டை பளிச்சென்று வந்துவிட்டது, இதற்கு மேல் நானோ சென்சார் வேறு தேவையா என்று கேட்கிறீர்கள். வேலூரில் ஆய்வு தொடங்கிய புதிதில் இதே போன்ற படத்தைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டேன். என் ஊர் ராணிப்பேட்டை. மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் குரோமியக் கழிவு குவிந்து, கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாய் வந்த ஊர். அந்தத் தண்ணீர் செல்லை என்ன செய்கிறது என்று சரியாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இந்தத் தலைப்பை எடுத்தேன்.

முதல் சிக்கல் வெளிச்சம். டை குழாயை அலுமினியத் தாளில் சுற்றித்தான் வைத்திருந்தேன். ஆனால் மைக்ரோஸ்கோப்பில் ஃபோகஸ் செய்ய ஒரு நிமிடம் கூடுதலாக எடுத்தபோது, எதுவுமே கொடுக்காத செல்களும் கண்ணெதிரே பச்சையாகிக்கொண்டு வந்தன. மைக்ரோஸ்கோப்பின் நீல ஒளியே டையை ஆக்சிஜனேற்றம் செய்துவிடும்.

பெரிய சிக்கல் குரோமியமேதான். செல்லுக்குள் அஸ்கார்பேட்டும் (வைட்டமின் சி), குளுட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறும் அதை மூன்றாம் நிலைக்கு இறக்கும்போது, வழியில் ஐந்தாம், நான்காம் நிலைகள் தோன்றுகின்றன. அவை நேரடியாகவே டையை ஒளிர வைக்கும். இது 1998இலேயே காட்டப்பட்டுவிட்டது.

சரி, நானோ சென்சார்? அமெரிக்காவின் எம்ஐடியில் மைக்கேல் ஸ்ட்ரானோ குழு 2010இல் கார்பன் நானோகுழாய்கள் மேல் செல்களை வைத்து, அந்தச் செல்கள் வெளிவிடும் ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற ஆர்ஓஎஸ்ஸை மூலக்கூறு மூலக்கூறாக எண்ணிக் காட்டியது. அழகான வேலை. நானோ வைரமும் உண்டு. ஒளி பட்டாலும் அது வெளுக்காது, அருகிலுள்ள ரேடிக்கல்களின் காந்தத் தன்மையை உணரும். ஆனால் மூன்றாம் நிலைக் குரோமியத்துக்கும் காந்தத் தன்மை உண்டே! உங்கள் வேலைக்கு அதை நான் எடுக்க மாட்டேன். ஹைப்பர் போன்ற புரத சென்சார் பெராக்சைடை மட்டும் பிடிக்கும். பிஎச் மாறினால் அதுவும் ஏமாற்றும் என்பதால் பிஎச் கன்ட்ரோல் கட்டாயம்.

அதற்கெல்லாம் முன்னால், செல்லே இல்லாத ஒரு குழாயில் பாருங்கள். டையில் ஒட்டியிருக்கும் அசிடேட் தொகுதியைச் சோடியம் ஹைட்ராக்சைடால் நீக்கி, நடுநிலையாக்கி, குளுட்டாதயோனும் குரோமியமும் சேருங்கள். அப்புறம் இன்னொரு குழாயில் அதோடு பெராக்சைடைச் சிதைக்கும் என்சைமான கேட்டலேஸும். என் மேசையில் இரண்டு குழாய்களுமே பச்சையாகத்தான் ஒளிர்ந்தன. பெராக்சைடு இல்லாமலேயே டை ஒளிர்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம்.