டிப்பர் ஓடின தம்பிக்குப் பவுசரா, புல் பொடி லொறியா?

கேள்வி: அண்ணை, நான் வட்டக்கச்சி. கன காலமா மண் டிப்பர்தான் ஓடுறன், கனரக லைசன் இருக்கு. இப்ப ரெண்டு முதலாளிமார் கேக்கினம். ஒருத்தர் பெற்றோல் பவுசருக்கு, மற்றவர் கொழும்பில இருந்து கடைச்சாமான் ஏத்துற, பெட்டி மாதிரி மூடின புல் பொடி லொறிக்கு. பவுசருக்குச் சம்பளம் கூட. மனிசி பவுசர் வேண்டாம், பத்திப்போடும் எண்டுறா. எதுக்குப் போறது?

பதில்: தம்பி, மனிசி பயப்பிடுறதில பிழையில்லை, ஆனா எனக்கு நெருப்பை விட உம்மட டிப்பர் ஓட்டத்திலதான் பயம். நடைக்குக் காசு எண்டு பறந்து பழகின கால் அது. மண் ஏத்தினா மண் கிடந்த இடத்தில கிடக்கும், பிரேக்கை அமத்தினா வாகனம் நிக்கும். பவுசரில நீர் பிரேக் பிடிச்ச பிறகும் உள்ளுக்கு இருக்கிற எண்ணெய் ஓடிக்கொண்டுதான் இருக்கும், முன்னுக்கு வந்து இடிச்சு வாகனத்தைத் தள்ளும், வளைவில ஒரு பக்கமா ஒதுங்கிச்சுதெண்டா பிரட்டியே விட்டிடும். 13,200 லீற்றர் டீசல் எண்டா கிட்டத்தட்ட 11 தொன், அது அசையிறதை யோசிச்சுப் பாரும். முட்ட நிரப்பினா அசைய இடம் கொஞ்சம், அரைவாசியில வாறதுதான் மோசம். எண்ணெய்ப் பவுசரில அறை அறையாப் பிரிச்சிருக்கிறதால ஓரளவு தாங்கும், பால் பவுசரில கழுவுற வசதிக்காக உள்தடுப்பு இல்லாமலும் இருக்கும், அது இன்னும் பொல்லாதது. மாங்குளம், புளியங்குளம் பக்கம் ராவில ஏ9 நடுவில படுத்திருக்கிற மாட்டைக் கண்டு சடாரெண்டு வெட்டுற பழக்கம் இருந்தா இப்பவே மறந்திடும்.

நெருப்புக் கதையும் சொல்லத்தான் வேணும். முட்டின தாங்கியை விட பெற்றோல் இறக்கின வெறும் தாங்கிக்குத்தான் கூடக் கவனம், உள்ள பத்தக்கூடிய ஆவி நிக்கும். வெறும் பவுசர்தானே எண்டு வெல்டிங் கடையில கொண்டுபோய் விடுறவையும் இருக்கினம், கடவுளே. இறக்கேக்க எர்த் வயர் கொழுவாமல் ஓஸைத் தொடக்கூடாது, போன் பக்கத்திலயே வரக்கூடாது.

சம்பளம் கூட எண்டுறீர், சோட் விழுந்தா, அதான் இறக்கேக்க எண்ணெய் குறைஞ்சா, ஆர் கட்டுறது எண்டு கேட்டனீரோ? வெக்கையில எண்ணெய் பெருக்கும், குளிரில சுருங்கும். 6,600 லீற்றர் பெற்றோலில ஒரு பாகை குறைஞ்சாலே ஏழெட்டு லீற்றர் குறையும். கொலன்னாவை எண்ணெய்க் களஞ்சியத்தில மத்தியான வெயிலில நிரப்பி விடியக்காலம் கிளிநொச்சி ஷெட்டில அளக்கிற டிப் குச்சி விட்டா அளவு ஒத்துவராது, அதை டிரைவரிட சம்பளத்தில வெட்டுற முதலாளியும் இருக்கினம். எவ்வளவு குறைச்சல் வரைக்கும் விடுவினம் எண்டதை முதலே பேசும், ஏலுமெண்டா எழுத்தில. கியூவில நிக்கிற நாளுக்குக் காசு உண்டோ எண்டும் கேளும். நாட்டில எண்ணெய் இல்லாட்டி பவுசருக்கும் ஓட்டமில்லை, 2022 ஞாபகம் இருக்குத்தானே.

புல் பொடி லொறியில இந்தத் தலையிடி இல்லை, வேற தலையிடி. புறக்கோட்டையில நாட்டாமைமார் ஏத்தும் வரைக்கும் காத்துக்கிடக்கோணும், பெட்டி எண்ணிக் கையெழுத்து வைச்சா பிறகு குறையிறது உம்மட தலையில, மழைக்கு மேல்தகடு ஒழுகினா மா மூட்டை நனையும். வெறும் லொறியோட சோளகத்துக்கு ஆனையிறவு கடக்கேக்க ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடியும், அந்த உயரப் பெட்டியில காத்து அறையும். ஆனா பவுசர் எப்பவும் வெறுமனத்தான் திரும்பும், இதில இங்கயிருந்து அரிசி மூட்டை கிடைச்சா திரும்பு லோட். அந்தக் காசில உமக்குப் பங்கு உண்டோ எண்டு கேட்டுப்போட்டு ரெண்டு சம்பளத்தையும் ஒப்பிடும், வித்தியாசம் நீர் நினைக்கிற அளவு இராது.

என்னைக் கேட்டா முதல் புல் பொடிக்குப் போம். ஒரு வருசம் ஓடி அந்த டிப்பர் அவசரம் காலை விட்டுப் போகட்டும், பிறகு பவுசர் கேட்டா ஓம் எண்டு சொல்லும், அப்ப அது நல்ல வேலைதான். பழைய பவுசர் டிரைவர் ஒருத்தரோட கொஞ்ச நாள் கூடப்போய்ப் பழகவிடுற முதலாளி எண்டா இப்பவே போனாலும் நான் மறிக்கமாட்டன். சாவியைத் தந்து நாளைக்கே கொலன்னாவைக்குப் போ எண்டுற ஆளிட்டப் போகாதையும்.

எங்க போனாலும் ஈபிஎப், அதான் சேமலாப நிதி, கட்டுவினமோ எண்டு கேளும். சட்டப்படி முதலாளி 12, நீர் 8 வீதம், ஈடிஎப் எண்ட நம்பிக்கை நிதி 3 வீதம் தனிய, அதுவும் முதலாளிதான். நடைக்காசு தாறம் எண்டு சொல்லி இதை விழுங்கிறவைதான் கன பேர். உம்மட லைசனையும் எடுத்துப் பாரும், பிறைம் மூவர் இழுக்கிற 33,000 லீற்றர் பவுசர் எண்டா சிஈ வகுப்பு வேணும், சி மட்டும் காணாது.