கழுத்துக் கருப்புக்கு வெயில் மேல் பழி

கேள்வி: டாக்டர், என் மகளுக்கு 15 வயது. கழுத்தைச் சுற்றிக் கருத்துப்போயிருக்கிறது. சைக்கிளில் பள்ளிக்கூடம் போய் வருகிறாள், வெயில்தான் காரணம் என்று நினைத்துக் கடலை மாவு, எலுமிச்சம்பழம், பீர்க்கங்காய் நார் எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டேன். சன்ஸ்கிரீனும் வாங்கிக் கொடுத்தேன். போகவே மாட்டேன் என்கிறது. சரியாகக் குளிப்பதில்லையா என்று சொந்தக்காரர்கள் அவள் முகத்துக்கு நேராகவே கேட்கிறார்கள். (வாசகி, விருதுநகர்)

பதில்: முதல் வேலையாக அந்தப் பீர்க்கங்காய் நாரைத் தூக்கி எறியுங்கள் அம்மா. அது அழுக்கு இல்லை, அநேகமாக வெயிலும் இல்லை. ஒரு சின்னச் சோதனை செய்யலாம். அவள் அக்குளைப் பாருங்கள். வெயிலே படாத அந்த இடமும் அதேபோல் கருத்து, தொட்டால் வெல்வெட் துணி மாதிரி தடிப்பாக இருந்தால், கூடவே கழுத்தில் பொடிப்பொடியாகப் பாலுண்ணி வேறு கிளம்பியிருந்தால், விஷயம் தோலுக்கு உள்ளே இருக்கிறது. இதற்கு மருத்துவத்தில் அகாந்தோசிஸ் நிக்ரிகன்ஸ் என்று பெயர். உடம்பில் கொழுப்பு, குறிப்பாக வயிற்றுப் பகுதியில், கூடும்போது, ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகிறது. அதை ஈடுகட்ட உடம்பு மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது, அந்த உபரி இன்சுலின் தோல் செல்களைத் தூண்டி மடிப்புகளில் தோலைத் தடிக்க வைக்கிறது. இதைத் தேய்த்து எடுக்க முடியாது. தேய்க்கத் தேய்க்கப் புண்ணாகி இன்னும் கருக்கும். எலுமிச்சைச் சாறு பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கொப்பளித்துத் தனியாகக் கறை விழும், அது இன்னொரு வம்பு.

ஒரு நல்ல மருத்துவரிடம் கூட்டிப்போய், வெறும் வயிற்றில் சர்க்கரையும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் பாருங்கள். மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறதா, முகத்தில் முடி வளர்கிறதா என்பதையும் சொல்லுங்கள். சினைப்பை நீர்க்கட்டி இருக்கும் பெண்களுக்கு இந்தக் கருப்பு அடிக்கடி வரும். எடையும் இடுப்பும் கொஞ்சம் இறங்கினாலே பல பேருக்குக் கழுத்து தானாக வெளுக்கத் தொடங்கும், மாதக்கணக்கில் ஆகும், அவசரப்படக் கூடாது. அதுவரைக்கும் கடையில் சொல்லும் வெளுப்பு கிரீம் எதையும் வாங்கிவிடாதீர்கள். அவற்றில் பல ஸ்டீராய்டு கலந்தவை. மருத்துவர் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு சொல்லிவிட்டது, ஆனாலும் கேட்டால் எடுத்துக் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. அப்புறம், அந்தச் சொந்தக்காரர்களுக்கு என் சார்பாக ஒரு வார்த்தை சொல்லுங்கள்: உங்கள் கழுத்தையும் கண்ணாடியில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள் என்று.

கேள்வி: வயது 34, ஐ.டி. வேலை. உயரம் 168 செ.மீ., எடை 66 கிலோ. பிஎம்ஐ நார்மல் என்று ஆப் சொல்கிறது. கை, கால் எல்லாம் ஒல்லிதான், தொப்பை மட்டும் முன்னால் நிற்கிறது. ஜிம்மில் இருக்கிற மெஷின் உடம்பில் 29 சதவீதம் கொழுப்பு என்கிறது. எதை நம்புவது? பேன்ட் சைஸ் 36. (வாசகர், கோவை)

பதில்: இரண்டையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உங்கள் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று சொல்லும் எண், 23.4. பொதுவாகச் சொல்லும் 25 என்ற கோட்டுக்கு இது கீழேதான். ஆனால் இந்தியர்களுக்கு 23 தாண்டினாலே அதிக எடை, 25 தாண்டினால் உடல் பருமன் என்றுதான் இங்கே மருத்துவர்கள் கணக்கு வைக்கிறோம். காரணம் இருக்கிறது. 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த யட்கினும் தங்கள் படத்தையே ஒன்றாகப் போட்டு ஒரு குறிப்பு எழுதினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றேதான், 22.3. ஆனால் யட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், நம் யாக்னிக்குக்கு 21.2. எடைக் கருவிக்கு இரண்டு பேரும் ஒன்றுதான்! நம் ஊர் உடம்பில் தசை குறைவு, கொழுப்பு வயிற்றுக்குள் ஈரல், குடலைச் சுற்றிப் போய் உட்காருகிறது. சர்க்கரை நோய்க்கு வழிவிடுவது அந்த உள்கொழுப்புதான், தோலுக்கு அடியில் கையில் பிடிபடுகிற சதை அந்த அளவுக்கு இல்லை.

ஜிம் மெஷின் செய்வது, மிகச் சிறிய மின்சாரத்தை உடம்பு வழியாக அனுப்பி அது எவ்வளவு தடைபடுகிறது என்று பார்த்துக் கொழுப்பைக் கணக்குப் போடுவது. நீங்கள் தண்ணீர் குடித்தீர்களா, இப்போதுதான் ஓடி வியர்த்தீர்களா என்பதைப் பொறுத்து எண் மாறும். 29 என்பதை 29 என்றே எடுத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், ஒரே நேரத்தில், ஒரே மெஷினில் பார்த்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும், அவ்வளவுதான்.

தையல்காரர் வைத்திருக்கும் இன்ச் டேப் இதைவிட நல்ல கருவி. பேன்ட் போடும் இடத்தில் அளக்காதீர்கள், நம்மில் பாதிப் பேர் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டு சைஸ் மாறவே இல்லை என்று திருப்தியாக இருக்கிறோம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் முனைக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சை விட்டபின் அளக்க வேண்டும், எக்கிப் பிடிக்காமல். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. உயரத்தில் பாதிக்குள் இருந்தால் இன்னும் நல்லது, உங்களுக்கு அது 84. சைஸ் 36 என்கிறீர்கள், உண்மையான அளவு 90-ஐத் தாண்டியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

வயிற்றுக்கு மட்டும் பயிற்சி செய்து வயிற்றுக் கொழுப்பை மட்டும் கரைக்க முடியாது. இடுப்பில் கட்டும் வியர்வை பெல்ட் தண்ணீரைத்தான் வெளியேற்றும், ஒரு சொம்பு குடித்தால் திரும்பி வந்துவிடும். கொழுப்பு எரிந்தால் அதில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடாக மூச்சில்தான் போகிறது, அதற்கு மூச்சு வாங்க நடப்பதும் படியேறுவதும் வேண்டும், தசைக்கு வாரம் இரண்டு நாள் எடை தூக்குவதும் வேண்டும். தட்டில் சோற்றைப் பாதியாக்கி, பருப்பு, முட்டை, சுண்டல், மீன் என்று எது ஒத்துவருமோ அதைக் கூட்டுங்கள். ஆபீஸில் நாலு டீயோடு உள்ளே போகும் சர்க்கரையையும் பிஸ்கட்டையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, நீங்கள் சேருங்கள். எடை இறங்கவில்லையே என்று இரண்டாவது மாதமே விட்டுவிடாதீர்கள். சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை எல்லையில் நின்றவர்கள் சாப்பாட்டையும் நடையையும் சீர்செய்ததில் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவே இல்லை.

கேள்வி: நாள் முழுக்க வண்டியில் சுற்றும் மார்க்கெட்டிங் வேலை. கன்னத்தில் மங்கு விழுந்திருக்கிறது. எஸ்பிஎஃப் 30 போதுமா, 50 வேண்டுமா? கருப்புத் தோலுக்கு சன்ஸ்கிரீனே தேவையில்லை என்கிறார் தோழி. (வாசகி, தாம்பரம்)

பதில்: தோழி பாதி சரி. நம் நிறம் தரும் பாதுகாப்பால் வெள்ளைக்காரர்களுக்கு வரும் அளவுக்கு நமக்குத் தோல் புற்றுநோய் வருவதில்லை. ஆனால் மங்குக்கு வெயில்தான் எண்ணெய் ஊற்றுகிறது, உங்களுக்குக் கட்டாயம் வேண்டும். எஸ்பிஎஃப் என்பது சன்ஸ்கிரீன் எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் எண். 30 என்பது யுவிபி என்ற புற ஊதாக் கதிரில் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. இந்த ஒரு சதவீதத்துக்காகக் கூடுதல் காசு கொடுப்பதைவிடப் பூசும் அளவைக் கவனியுங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிழிந்தால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். பொங்கலுக்கு வாங்கிய 50 கிராம் டியூப் தீபாவளி வரைக்கும் வருகிறது என்றால் நீங்கள் பூசுவது வெறும் வாசனைதான். பெட்டியில் பிஏ என்பதற்குப் பக்கத்தில் மூன்று, நான்கு கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள், அது யுவிஏ என்ற இன்னொரு வகைப் புற ஊதாக் கதிருக்கானது. மங்குக்கு நிறம் கலந்த, இரும்பு ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீன் நல்லது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம்கூட மங்கைக் கூட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி பூசச் சொல்வோம், வண்டியில் சுற்றுபவரால் முடியுமா என்பது எனக்கும் தெரியும், மதியச் சாப்பாட்டுக்கு முகம் கழுவியதும் ஒரு தடவையாவது பூசுங்கள். முழுக்கைச் சட்டையும் நெருக்கமாக நெய்த துப்பட்டாவும் வியர்வையில் கரையாது.

இன்னொன்று, அக்னி நட்சத்திரம் முடிந்ததும் டியூபை மூடி வைத்துவிடாதீர்கள். சூடு வேறு, புற ஊதாக் கதிர் வேறு. சென்னைக்குச் சூரியன் நேர் உச்சியில் வருவது வருடத்தில் இரண்டு முறை, ஏப்ரல் கடைசி வாக்கில் ஒன்று, ஆகஸ்ட் நடுவில் மற்றொன்று. ஆகஸ்டில் காற்றும் மேகமுமாக இதமாகத் தெரியும், கதிர் மேகத்தைத் தாண்டி வந்துகொண்டுதான் இருக்கும். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் கடுமை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தினமும் காலை ஆறரை மணிக்கு மொட்டை மாடியில் நிற்கிறேன், வைட்டமின் டி ஏறவே இல்லை. எடை 92 கிலோ. (வாசகர், சேலம்)

பதில்: ஆறரை மணி வெயிலில் யுவிபி இருக்காது, உடம்பு டி தயாரிக்க அது வேண்டும். பதினொரு மணி வாக்கில் கை கால் தெரிய கொஞ்ச நேரம் நில்லுங்கள், தோல் சிவக்கிற, எரிகிற வரைக்கும் வேண்டாம். உங்கள் எடையும் ஒரு காரணம். வைட்டமின் டி கொழுப்பில் கரைவது, உடம்பில் கொழுப்பு அதிகமென்றால் அங்கேயே தங்கிவிடும், ரத்தத்துக்கு வருவது குறையும். அதனால் உங்களுக்கு மாத்திரையின் அளவும் மாறலாம். மருந்துக் கடையில் 60,000 யூனிட் மாத்திரையை நீங்களே வாங்கி வாரக் கணக்கு மறந்து போட்டுக்கொண்டே போகாதீர்கள், ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைப் பிடிக்கும்.

கேள்வி: தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வெயிலில் போனால் போதாதா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: போதாது. ராத்திரி தடவிக்கொள்ளுங்கள், தோல் வறளாமல் இருக்கும்.